பாட்டுக்காரி நிற்கும் இடம்

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளை எல்லோரும் ஊசியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் யாருக்கும் ஊசி போடுவதில்லை. ரத்தம் எடுக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் கையை நீட்டிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறவரிடம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? பெயர் ஒட்டிக்கொண்டது. குத்திய இடத்தில் பஞ்சை வைத்து, "கையை மடக்கிப் பிடிங்க, தேய்க்காதீங்க" என்று சொல்வாள். அதே வாக்கியம், அதே தொனி. புருஷன் செத்துக் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றும் அந்தத் தொனி மாறவில்லை. பார்த்தவர்கள், மனசு கல்லு இவளுக்கு என்றார்கள். அவளும் மறுக்கவில்லை. கல்லுக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருந்தது.

அவள் புருஷனுக்குப் பஸ் பணிமனையில் வைத்த பெயர் காது. மெக்கானிக். ஓடுகிற எஞ்சின்மேல் ஸ்க்ரூ டிரைவரின் நுனியை வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி நிற்பான். அடுத்தவர்கள் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடிப்பதை அவன் கழற்றாமலே சொல்வான். வீட்டிலும் அந்தக் காது சும்மா இருக்காது. குழாய் சொட்டினால் எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

அந்தக் காதுக்காரனுக்கு ஒரே ஒரு பைத்தியம். முன்னறையில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் வைத்திருந்தான். பலகை அறுத்து, ஒட்டி, உள்ளே பழைய கம்பளித்துண்டு அடைத்து, அவனே செய்தவை. இடுப்பு உயரம். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. எதிர்ச் சுவரோரம் ஒரே ஒரு நாற்காலி. அந்த நாற்காலியின் நான்கு கால்களும் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் மஞ்சள் பெயிண்டால் கட்டம் போட்டிருந்தான். பஸ் நிறுத்தக் கோடு போடுகிற அதே பெயிண்ட்.

"வீட்டுக்குள்ளயும் பஸ் ஸ்டாண்டு வச்சாச்சா?" என்று அவள் கேட்டாள்.

"பஸ் தள்ளி நின்னா ஓடிப்போய் ஏறலாம். நாற்காலி தள்ளிப் போச்சுன்னா பாட்டுக்காரி போயிடுவா."

அவன் ஒரு விளையாட்டு வைத்திருந்தான். அவளை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, ஒரு பாட்டைப் போடுவான். மழையைப் பற்றிய பழைய பாட்டு, ஒரு பெண் பாடுவது. "எங்க நிக்குறா? விரலைக் காட்டு." முதலில் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

"பாட்டைக் கேளுன்னா சரி. ஆளைத் தேடுன்னா எப்படி? ஸ்பீக்கர்ல நிக்குறா, வேற எங்க நிப்பா?"

"ஸ்பீக்கரை மற. ரூமைக் கேளு."

அப்புறம் ஒரு பிற்பகல், வேலை அலுப்பில் ஒன்றும் யோசிக்காமல் அவள் கண்ணை மூடியிருந்தபோது அது நடந்தது. இரண்டு பெட்டிக்கும் நடுவில், ஜன்னலுக்குக் கீழே, வெறும் சுவர் இருக்கிற இடத்தில், ஒரு பெண் மூச்சை இழுத்தாள். ஒரு ஆள் நிற்கிற உயரத்தில், ஒரு ஆள் நிற்கிற தூரத்தில். வலப்பக்கம் சற்றுத் தள்ளிப் புல்லாங்குழல்காரர். பின்னால் மேளம். ஊசியம்மாவின் விரல் தானாக நீண்டது.

"அங்க," என்றாள். கை மயிர் சிலிர்த்து நின்றது.

அந்தப் பாட்டை அவள் பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்டிருக்கிறாள், பஸ்ஸில், கடையில், அடுத்த வீட்டு ரேடியோவில். ஆனால் ஒன்று அவளுக்கு அதுவரை தெரியாது. மூன்றாவது அடியில் புல்லாங்குழல் நுழைகிறபோது பாட்டுக்காரி தன் வரியைத் தொடங்காமல் காத்திருக்கிறாள். குழல் முடிக்கட்டும் என்று வழிவிடுகிறாள். எல்லாச் சத்தமும் ஒரே ஓட்டையிலிருந்து வரும்போது அது வெறும் இடைவெளி. யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதற்கப்புறம் வாரக்கடைசிப் பிற்பகல்களில் நாற்காலிக்கு இருவரும் சண்டை போட்டார்கள். ஒரு நாற்காலி, ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் சுவரில் சாய்ந்து நிற்க வேண்டும். சுவரில் நிற்கிறவருக்குப் பாட்டு உண்டு, பாட்டுக்காரி கிடையாது.

வீட்டில் இதில் சேராத ஒரே ஆள் அவள் மாமியார். சின்ன வயதில் சீழ் பிடித்து ஒரு காது போனவள். அவளை நாற்காலியில் உட்கார வைத்தும் பார்த்தான் மகன். "என்னடா பொம்மைக் கடை காட்டுற? பாட்டு நல்லாருக்கு. அவ எங்க நின்னா எனக்கென்ன, சமையக்கட்டுல வந்து நின்னா சொல்லு," என்றுவிட்டுத் தன் சின்ன ரேடியோவோடு உள்ளே போய்விட்டாள். தூங்கும்போது நல்ல காதைத் தலையணையில் அழுத்திப் படுத்துக்கொள்வாள். உலகம் இடிந்தாலும் எழுப்ப முடியாது. அந்த வசதி வேறு யாருக்கு உண்டு என்று கேட்பாள்.

*

காது செத்தது பணிமனையில், பஸ்ஸுக்கு அடியில்.

அங்கே இருந்த பெரிய ஜாக்கி இறங்கும்போது ஒரு மாதிரி முனகுகிறது என்று அவன் சொல்லியிருந்தான். ஒரு தரமல்ல. "உன் காதுக்கு எதுதான் முனகலை?" என்று சிரித்தார்கள். ஜாக்கியில் பச்சை அட்டை தொங்கியது. பச்சை என்றால் சோதித்தாயிற்று, நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள். யார் சோதித்தார்கள், சோதித்தார்களா என்பதையெல்லாம் அட்டை சொல்லாது. அவன் தன் வழக்கப்படி ஒரு பழைய துணியைக் கிழித்து ஜாக்கியின் பிடியில் முடிச்சுப் போட்டுவைத்தான், இதைத் தொடாதே என்று. மறக்கக் கூடாத எதற்கும் அவனுக்கு முடிச்சுதான். கைக்குட்டை நுனியில், பைக்கயிற்றில், சட்டைப் பொத்தான் நூலில். அடுத்த ஷிப்டில் யாரோ அந்தத் துணியை அவிழ்த்தார்கள். அவன் வேலைக்கு வந்தபோது துணி இல்லை. சரி, பழுது பார்த்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பான். வேறென்ன நினைப்பான்?

துணி விஷயத்தை அவளிடம் சொன்னது அங்கே டயர் மாற்றுகிறவர். அதுவும் காதோரம், தெருமுனையில், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. விசாரணை நடந்தது. அவளையும் கூப்பிட்டு ஓரத்தில் உட்காரவைத்தார்கள். துணியை யார் அவிழ்த்தது என்று அவள் கேட்டாள். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள். டயர்காரரும் சுவரைப் பார்த்தார். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். பச்சை அட்டை இருந்தது, ஆகவே ஜாக்கி சரி. ஜாக்கி சரி, ஆகவே தொழிலாளியின் கவனக்குறைவு. தீர்ந்தது. இறந்தவன் எழுந்து வந்து மறுத்துப் பேசமாட்டான். பழி சுமக்க அவனைப்போல வசதியான ஆள் எந்த நிர்வாகத்துக்குக் கிடைக்கும்?

அவள் வீட்டுக்கு வந்து துணி துவைத்தாள். அழுகை வரவில்லை. வந்தவர்களுக்குத்தான் அது பெரிய குறையாக இருந்தது.

சின்னவன் வந்தான். காதின் தம்பி, சின்ன சரக்கு வேன் ஓட்டுகிறவன். நல்லவன். உதவி செய்யாமல் இருக்கத் தெரியாதவன். ஒருவர் தாகம் என்று நினைப்பதற்குள் தண்ணீரைக் கொண்டுவந்து மேலே கொட்டிவிடுவான். "அண்ணி, சுவரெல்லாம் ஈரம் ஏறிக் கிடக்கு. வெள்ளையடிச்சுட்டா வீடு கொஞ்சம் வெளிச்சமாகும்," என்றான். அவள் சரி என்றாளா இல்லையா என்பது அவளுக்கே நினைவில்லை. முன்னறையைக் காலி செய்தான். பெட்டிகளைக் கழற்றி உள்ளே கொண்டுபோனான். வெள்ளையடித்து முடித்ததும், மஞ்சள் கட்டத்தை மட்டும் அழிக்காமல், எல்லாவற்றையும் பழைய இடத்திலேயே வைத்தான். கம்பிகளையும் நிறம் பார்த்து அந்தந்த முனையில் அவனே மாட்டினான்.

"சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. பக்காவா மாட்டிட்டேன் அண்ணி. நீங்க போட்டுக் கேளுங்க, மனசு லேசாகும்."

அவள் கேட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, அந்த மழைப் பாட்டையே போட்டாள்.

குரல் இருந்தது. வார்த்தைகள் இருந்தன. சத்தத்துக்கும் குறைவில்லை. ஆனால் நடுவில் யாரும் இல்லை. குரல் காதுக்குள்ளும் தலைக்குப் பின்னாலும் சுவரோரங்களிலும் பரவி, புகைபோல எங்கும் இருந்தது, எங்கும் நிற்கவில்லை. நெஞ்சில் வந்து தட்டுகிற மேளம் தட்டுப் போட்டு மூடியதுபோல மெலிந்து போயிருந்தது. விரலை நீட்டிப் பார்த்தாள். எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியாமல் மடியில் போட்டுக்கொண்டாள்.

எழுந்து போய்ப் பெட்டிகளின் பின்னால் பார்த்தாள். சிவப்புக்குச் சிவப்பு. கறுப்புக்குக் கறுப்பு. எல்லாம் சரி. அப்படியானால் சரியில்லாதது எது? அவள்தான்.

*

அவள் தரப்பில் யாரும் வாதாடவில்லை. கோளாறு அவளிடம்தான் என்ற முடிவு எல்லோருக்கும் பிடித்திருந்தது. பரிசோதனை நிலையத்து டாக்டர், மனசு மரத்துப் போவது இயல்புதான் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். "பசி, தூக்கம், பாட்டு எல்லாம் ஒண்ணொண்ணா திரும்பி வரும்" என்றார். பசியும் தூக்கமும் எப்படியோ வந்துபோயின. துக்கம் விசாரிக்க வந்த உறவுக்காரி ஒருத்தி ஒரு பெரியவரைக் கூட்டிவந்தாள். அவர் முன்னறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கண்ணை மூடித் திறந்து, "போனவர் தனக்குப் பிடிச்சதைத் தன்னோட எடுத்துட்டுப் போயிட்டார்" என்றார். செத்தவர்கள் எதை எடுத்துப் போனார்கள், எதை விட்டுப் போனார்கள் என்று கண்ணை மூடியே சொல்லிவிடுகிற இவர்களில் ஒருவராவது, எப்படிச் செத்தான், யார் கொன்றார்கள் என்று கண்ணைத் திறந்து கேட்டதுண்டா? மாமியார் மட்டும் அவரை நல்ல காதால் முழுவதும் கேட்டுவிட்டு, "பெட்டியை விட்டுட்டுத்தானே போயிருக்கான், பாட்டை மட்டும் எதுல மூட்டை கட்டினான்?" என்றாள். பெரியவர் சீக்கிரமே கிளம்பினார்.

ஊசியம்மா விடாமல் கேட்டுப் பார்த்தாள். வேறு பாட்டு, வேறு நேரம், ஜன்னலைத் திறந்து, மூடி. ஒவ்வொரு தடவையும் அதே புகை. ஒரு அறை நிறையச் சத்தம், ஆள் இல்லை. அந்த மனிதன் போனதோடு சேர்ந்து தனக்குள் ஏதோ ஒன்றும் போய்விட்டது, இனி வராது என்று அவள் முடிவுக்கு வந்தாள். வருத்தப்படவும் இல்லை. வருத்தப்படுவதற்கும் அந்த ஒன்றுதானே வேண்டும்?

"அத்தை, அந்தப் பெட்டிகளைச் சின்னவன்கிட்ட குடுத்துடலாம்னு இருக்கேன்."

"ஏன், உனக்கு வேணாமா?"

"எனக்குக் கேக்கலை."

"எனக்கும்தான் பாதி கேக்கலை. ரேடியோவை யாருக்காவது குடுத்தேனா?"

ஆனாலும் சொல்லியனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை வேனோடு வருகிறேன் என்றான் சின்னவன். நினைவைக் கண்ணெதிரில் வைத்திருப்பது நல்லதில்லை என்று அவனும் எங்கேயோ கேட்டிருந்தான்.

அந்த வாரம் பரிசோதனை நிலையத்தில் தேநீர் நேரம். பின்பக்கத்துச் சின்ன அறையில் வரவேற்பு மேசைக்காரி தன் போனை டம்ளருக்குச் சாய்த்துவைத்துப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். சின்னப் பெண்; சத்தமாகத்தான் எதையும் செய்வாள். பழைய பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. ஊசியம்மா காதில் வாங்காமல் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

மழைப் பாட்டு வந்தது.

கடுகு வெடிப்பதுபோலத் தெறிக்கிற, கீச்சென்ற, ஒரு விரல்நுனி ஓட்டையிலிருந்து வருகிற சத்தம். மேளம் என்பது தகரம் தட்டுவது. ஆனால் மூன்றாவது அடியில் குழல் நுழைந்தபோது, பாட்டுக்காரி காத்திருந்தபோது, ஊசியம்மாவின் தொண்டையில் ஏதோ மேலேறி நின்றது. அவள் கையுறையைப் பாதியில் விட்டுவிட்டாள்.

"அக்கா? என்னாச்சு? நிறுத்திடவா?"

"நிறுத்தாத."

"அழுவுறீங்களா?"

"இல்ல. இன்னொரு தடவை போடு."

"இந்தப் போன்லயா? சனியன், பாதிச் சத்தம்தான் வரும்."

"அது போதும். போடு."

இரண்டாவது தடவையும் அதே இடத்தில் அதே ஒன்று தொண்டைக்கு வந்தது. ஊசியம்மா தேநீரைக் குடிக்கவில்லை. யோசித்தாள். அவள் வேலையில் தினமும் காலையில் முதலில் செய்வது, விடை முன்பே தெரிந்த ஒரு ரத்த மாதிரியை இயந்திரத்தில் ஓட்டிப் பார்ப்பது. தெரிந்த விடை வரவில்லை என்றால் இயந்திரத்தைத் திறக்க வேண்டும், நோயாளியைத் திட்டக்கூடாது. ஒரே ரத்த மாதிரி, இரண்டு இயந்திரம், இரண்டு விதமான விடை என்றால் கோளாறு மாதிரியில் இல்லை. இதைப் புதிதாக வந்தவர்களுக்கு அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். இங்கே அந்த ரத்த மாதிரி அவள்தான். போனில் ஓட்டினால் ஒரு விடை, வீட்டுப் பெட்டியில் ஓட்டினால் இன்னொரு விடை.

அவள் செத்துப்போகவில்லை. ஏதோ ஒன்று தப்பாக மாட்டப்பட்டிருக்கிறது.

"அக்கா, சிரிக்கிறீங்களா அழுவுறீங்களா, ஒண்ணைச் சொல்லுங்க," என்றாள் மேசைக்காரி. அவள் இரண்டும் செய்யவில்லை. முகம் பழையபடி கல்லாகத்தான் இருந்தது. கையுறையை முழுவதும் கழற்றிக் கூடையில் போட்டாள்.

*

வீட்டுக்கு வந்ததும் பையை இறக்காமலே, பெட்டிகளுக்குப் பாட்டை அனுப்புகிற ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்தாள். அதில் சத்தத்தை ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குத் தள்ளுகிற ஒரு திருகு உண்டு. காது அதை நடுவில் நிறுத்தி, யாரும் தொடக்கூடாது என்று வைத்திருந்தான். இத்தனை மாதமும் அவளும் தொடவில்லை. இப்போது பாட்டைப் போட்டு, முழுவதும் இடப்பக்கம் திருப்பினாள். இடப் பெட்டியில் பாட்டுக்காரி கணீரென்று பாடினாள். மேளம் தடித்து வந்தது. முழுவதும் வலப்பக்கம் திருப்பினாள். அங்கேயும் அப்படியே. இரண்டும் நல்ல பெட்டிகள். நடுவுக்குக் கொண்டுவந்தாள். குரல் கலைந்து புகையாயிற்று. மேளம் சுருங்கிப் போயிற்று.

ஒன்றும் ஒன்றும் சேர்ந்து ஒன்றைவிடக் குறைந்தது.

இது மனசு செய்கிற வேலை இல்லை. இரண்டு ஆள் ஒரு வண்டியைத் தள்ளுகிறார்கள். ஒருத்தனாகத் தள்ளினால் நகர்கிறது, இரண்டு பேருமாகத் தள்ளினால் நிற்கிறது என்றால், ஒருத்தன் முன்னாலிருந்தும் ஒருத்தன் பின்னாலிருந்தும் தள்ளுகிறார்கள் என்றுதான் அர்த்தம். ஒரு பெட்டி காற்றை முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுக்கிறது. அப்படியானால் ஒன்றில் கம்பி மாறியிருக்க வேண்டும். ஆனால் சிவப்புக்குச் சிவப்புதானே?

இடப் பெட்டியின் கம்பியைக் கையால் தொட்டபடியே பெட்டியிலிருந்து ஆம்ப்ளிஃபயர் வரை வந்தாள். ஒரே கம்பி, நடுவில் ஒட்டு இல்லை. வலப் பெட்டியின் கம்பி கதவுச் சட்டத்தைச் சுற்றி வர வேண்டும். நீளம் பத்தவில்லை என்று புருஷன் முனகிய ஞாபகம் வந்தது. அலமாரியைக் கொஞ்சம் இழுத்துப் பின்னால் கையை விட்டாள். ஒரு ஒட்டு, மேலே கறுப்பு டேப். பிரித்தாள். கிடைத்த துண்டுக் கம்பியை அவசரத்தில் முறுக்கியிருக்கிறான். சிவப்போடு கறுப்பு, கறுப்போடு சிவப்பு. அதற்கப்புறம் பெட்டிவரை நிறங்கள் பொய்.

அவனுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? வலப் பெட்டியின் பின்னால் போய் முழங்காலிட்டாள். கறுப்புக் கம்பியின் நுனிக்குச் சற்று மேலே, இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்தபோது, ஒரு நெளிவு தட்டுப்பட்டது. எவ்வளவு நீவினாலும் நேராகாத நெளிவு. வருஷக்கணக்கில் முடிச்சாக இருந்த கம்பி அவிழ்த்தாலும் நிமிராது. இங்கே ஒரு முடிச்சு இருந்திருக்கிறது. நிறத்தை நம்பாதே, முடிச்சு விழுந்தது சிவப்பு முனைக்குப் போகட்டும் என்று அவன் தனக்குத்தானே போட்டு வைத்தது.

அவள் அந்த நெளிவை இன்னொரு தடவை நீவிப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. தரை குளிர்ந்தது.

"என்னம்மா, பெட்டிக்குப் பின்னால என்ன தேடுற? விழுந்துட்டியா?" மாமியார் கதவில் நின்று கேட்டாள்.

"இல்லத்தை. உங்க பிள்ளை கம்பியை மாத்திப் போட்டிருக்கார்."

"எந்தப் பிள்ளை?"

"ரெண்டு பேரும்."

கம்பிகளை மாற்றி மாட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள்.

ஜன்னலுக்குக் கீழே, புதிதாக வெள்ளையடித்த சுவருக்குச் சற்று முன்னால், ஒரு பெண் மூச்சை இழுத்தாள்.

விரல் நீண்டது. நெஞ்சில் மேளம் தட்டியது. ஆனால் கை மயிர் நிற்கவில்லை. போனில் கேட்டபோது தொண்டைவரை வந்ததே, அதுகூட வரவில்லை. பாட்டுக்காரி தன் இடத்தில் நின்று பாடினாள், குழலுக்காகக் காத்திருந்தாள். ஊசியம்மா அதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கவனித்தாள், ஒரு அறைக்குள் நடப்பதைத் திறந்த கதவில் நின்று கவனிப்பதுபோல. அந்த ஓட்டைப் போனிடம் கிடைத்தது இங்கே ஏன் கிடைக்கவில்லை? போன் எதையும் காட்டுவதாகச் சொல்லவில்லை. இவ்வளவுதான் நான் என்று கீச்சிட்டது, மீதியை அவள் போட்டுக்கொண்டாள். இந்தப் பெட்டிகளோ இத்தனை மாதம் ஆள் இருப்பதாகச் சொல்லி ஆளைக் காட்டாமல் ஏமாற்றியவை. அவற்றை மறுபடி நம்ப நாளாகும். அது பரவாயில்லை. மரத்துப் போனது எவ்வளவு, மாற்றி மாட்டியது எவ்வளவு என்று இப்போது பிரித்துப் பார்க்க முடிந்தது. மரத்துப் போனது அவளுடையது. மற்றது அவளுடையதல்ல. அதையும் சேர்த்துத்தான் அவள் தலையில் கட்டியிருந்தார்கள்.

அன்றைக்கு அவளுக்கு வந்தது கோபம்தான். அதுவும் பெரிதாக இல்லை. உறைந்த கைக்கு முதலில் வலிதான் வரும்.

*

ஞாயிற்றுக்கிழமை சின்னவன் வேனோடு வந்தான். கயிறும் பழைய போர்வைகளும் கொண்டுவந்திருந்தான். கீறல் விழக்கூடாதாம். செருப்பைக் கழற்றும்போதே பெட்டியின் எடையைக் கண்ணால் போட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணி, முதல்ல இடது பக்கத்தை எடுத்துடறேன்."

"முதல்ல உக்காரு."

"உக்கார நேரமில்லை அண்ணி, வண்டியை ரோட்டுல நிறுத்தியிருக்கேன்."

"வண்டி எங்கயும் ஓடிப் போகாது. அந்த நாற்காலியில உக்காரு. தள்ளாத, கட்டத்துக்குள்ள இருக்கட்டும்."

உட்கார்ந்தான். வேன் சீட்டில் உட்காருவதுபோல முன்னால் குனிந்து.

"சாஞ்சு உக்காரு. கண்ணை மூடு."

"என்ன அண்ணி, கண்ணாமூச்சியா?"

"மூடு தம்பி."

பாட்டைப் போட்டாள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். அங்கிருந்து அவளுக்குப் பாட்டுக்காரி கிட்டத்துப் பெட்டிக்குள் அடைபட்டவள்போலத்தான் கேட்டாள். அது அப்படித்தான். நடு இடம் நாற்காலிக்கு மட்டும்.

"எங்க நிக்குறா? விரலைக் காட்டு."

சின்னவன் சிரிக்கப் போனான். பிறகு சிரிக்கவில்லை. முதுகு மெதுவாக நாற்காலியில் சாய்ந்தது. கை எழுந்து, தயங்கி, ஜன்னலுக்குக் கீழே வெறும் சுவரைக் காட்டியது. அவள் தன் விரலால் காட்டிய அதே இடம். கண்ணைத் திறந்தான்.

"யாருமே இல்லையே அண்ணி."

"இல்லதான். ரெண்டு பெட்டி. உனக்கு ரெண்டு காது. அவ்வளவுதான் இருக்கு."

"நான் மாட்டினப்ப இப்படி இல்லியே? அப்ப நான்கூட ஒரு நிமிஷம் உக்காந்து கேட்டேனே. ஏதோ... சரி, அண்ணன் இல்லாததாலன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அவனை வலப் பெட்டியின் பின்னால் கூட்டிப்போய்க் கம்பியைக் காட்டினாள். நெளிவில் அவன் விரலைப் பிடித்து வைத்தாள். வேன்காரனுக்குக் கயிறும் முடிச்சும் தெரியாதா? விரல் அங்கேயே நின்றுவிட்டது. அவன் அண்ணனுடைய கைக்குட்டைகளையும் அறிவான்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சின்னவன் தலையை நிமிர்த்தவில்லை. அவன் சுவரைப் பார்ப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். அந்த மேசையைச் சுற்றி எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள். சுவரும் பக்கத்திலேயே, புதிதாக வெள்ளையடித்து, பார்ப்பதற்கு வசதியாகத்தான் இருந்தது.

"இங்க முடிச்சு இருந்துச்சு அண்ணி," என்றான். "ஏதோ சிக்கல்னு நெனச்சேன். அசிங்கமா இருக்குன்னு நான்தான் அவுத்தேன்."

அவள் அவன் விரலை விட்டாள்.

"நான்தான் அண்ணி. தெரியாம செஞ்சுட்டேன்."

நான்தான். எவ்வளவு சின்ன வார்த்தை. ஒரு பணிமனை முழுவதும் சேர்ந்து, சம்பளம் வாங்குகிற அத்தனை பேரும் சேர்ந்து, சொல்ல முடியாமல் போன வார்த்தை. ஒரு பாட்டைக் கெடுத்தவன் அதைக் கேட்காமலே சொல்கிறான். ஒரு ஆளைக் கொன்றவர்கள் பச்சை அட்டையைக் காட்டுகிறார்கள். ஊசியம்மாவுக்குத் தொண்டையில் அந்த ஒன்று வந்து நின்றது. போனில் வந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக. கண்வரை வரவில்லை. வரட்டும், அவசரமில்லை.

"போய் நாற்காலியில உக்காரு," என்றாள். "பாட்டு முடியலை."

"நீங்க உக்காருங்க அண்ணி."

"நான் இங்கேயே நிக்குறேன். மூணாவது அடியில அவ காத்திருப்பா. கேளு."

அவன் போய் உட்கார்ந்தான், இந்தத் தடவை சாய்ந்து. வாசலில் வேனைப் பார்த்துவிட்டு மாமியார் உள்ளே வந்தாள். நல்ல காதை அறைப்பக்கம் திருப்பிக் கொஞ்சம் கேட்டாள்.

"என்னடா, ஏத்த வந்தவன் உக்காந்துட்ட? சும்மா போவானேன், அந்தக் கால் உடைஞ்ச கட்டிலையாவது தூக்கிப் போட்டுக்க."

"கொஞ்சம் பொறும்மா," என்றான் சின்னவன் கண்ணைத் திறக்காமல்.

குழல் நுழைந்தது. ஊசியம்மா சுவரோரம் நின்றபடி சின்னவனின் விரலைப் பார்த்தாள். அது முழங்காலில் இருந்து எழுந்து, மெதுவாக வலப்பக்கம் நகர்ந்து, குழல்காரர் நிற்கிற இடத்தில் நின்றது.